பக்கத்தில் இன்னொரு பாய்: திருகோணமலையில் கிளப் ரேஸும் குட்டிப் பயணமும்

தனியாகப் பாய்ப்படகு ஓட்டுபவருக்குத் தன் படகு மெதுவாகப் போவது தெரியவே தெரியாது. பாய் நிறைந்திருக்கும், அணியத்தில் (படகின் முன்முனையில்) தண்ணீர் சளசளக்கும், எல்லாம் சரியென்றே தோன்றும். அதே காற்றில் பத்து மீற்றர் தள்ளி இன்னொரு லேசர் (ஒரு ஆள் ஓட்டும் சின்னப் பாய்ப்படகு) வந்து சேரட்டும். இரண்டு நிமிடத்தில் அது மூன்று படகு நீளம் முன்னே போய்விடும். அப்போதுதான் கண் திறக்கும். வந்தவருடைய ஷீட் (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) ஒரு சாண் இளகியிருக்கிறது, அவருடைய படகு நிமிர்ந்து நிற்கிறது, நாம் சரிந்து சுக்கானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வார இறுதிக் கிளப் ரேஸில் ஆட்களை இழுப்பது இதுதான். கோப்பை, பதக்கம் எல்லாம் அடுத்த கதை. ஐந்தாறு படகு, இரண்டு மிதவை, ஒரு விசில், கையில் கடிகாரத்தோடு ஒரு ஆள் இருந்தால் நாற்பது நிமிடத்தில் கிடைக்கும் பாடம் தனியாக ஒரு மாதம் ஓட்டினாலும் கிடைக்காது. அந்தப் பாடத்தைச் செலவு செய்யும் இடம் பயணம். நிலாவெளிக்கோ மூதூருக்கோ ஒரு நாள் போய்வருவதைச் சொல்கிறேன். அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் காற்று. திருமலையில் படகைவிட நாட்காட்டி முக்கியம். வைகாசி தொடங்கி புரட்டாதி வரை கச்சான் காலம். (கச்சான் என்றதும் கடலைச் சுருள் நினைவுக்கு வருபவர்களுக்கு: இது மேற்கிலிருந்து வரும் வறண்ட சூட்டுக்காற்று.) மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வருவதால் இங்கே வரும்போது அதில் ஈரம் இருக்காது. காலையில் கரையிலிருந்து கடலுக்கு வீசும். மதியத்துக்குப் பிறகு நிலம் சூடேறி, கிழக்கிலிருந்து கொண்டல் உள்ளே நுழையப் பார்க்கும். இரண்டும் முட்டும் அரை மணி, முக்கால் மணி நேரம் உள்துறைமுகம் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். அந்த நேரத்தில் ரேஸ் தொடங்குபவர் பாவம் செய்தவர். கொண்டல் நிலைத்து, தண்ணீரில் கறுப்புத் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்த பிறகு தொடங்குவதே புத்தி. ஆனி, ஆடியில் சில நாட்கள் கச்சான் விட்டே கொடுக்காது. அன்று கொண்டலுக்குக் காத்திருந்து பயனில்லை, மேற்குக் காற்றுக்கே பாதையைப் போடுங்கள்.

தை, மாசியில் வாடை. வெளியே அலை பெரிது, உப்புவெளிக் கரையில் படகை இறக்கவே முடியாத நாட்கள் வரும். உள்துறைமுகமோ நாலு பக்கமும் நிலம் சூழ்ந்தது, அதனால் காற்று மட்டும் வரும், அலை வராது. டிங்கி (கபின் இல்லாத சின்னப் பாய்ப்படகு) ரேசுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை படகுகள் கரையில் கவிழ்ந்து கட்டப்பட்டிருக்க வேண்டும். புரெவி புயல் 2020 டிசம்பர் 2 இரவு திருமலைக்கு வடக்கேதான் கரை ஏறியது.

கச்சான் காலத்தில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உப்புவெளிக் கரையில் நின்று பார்த்தால் கடல் குளம்போலத் தெரியும். காற்று நிலத்திலிருந்து வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை, காரணம் அவ்வளவுதான். ஒரு கிலோமீற்றர் வெளியே போனால் காற்றும் கூடும், அலையும் கூடும், திரும்பும் வழி முழுவதும் எதிர்க்காற்றாகிவிடும். அங்கே சுக்கான் முறிந்தால் படகு கிழக்கே மிதந்துகொண்டே போகும். அந்தப் பக்கம் அடுத்த கரை அந்தமான் நிக்கோபார். மோட்டார் பூட்டிய காவல் படகு ஒன்று தண்ணீரில் இல்லாமல் கச்சானில் வெளிக்கடல் ரேஸ் வைக்கக்கூடாது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

படகுகள். லேசர் (இப்போது ஐஎல்சிஏ என்று பெயர் மாறிவிட்டது) 4.23 மீற்றர் நீளம், ஒரு ஆள், ஒரு பாய். பெரிய பாய் 7.06 சதுர மீற்றர், நடுப் பாய் 5.76, சின்னது 4.7. உடல் ஒன்றே, கீழ்ப் பாய்மரமும் பாயும் மட்டும் மாறும். எண்பது கிலோ ஆள் பெரியதையும், அறுபது கிலோ ஆள் நடுவையும், பள்ளிப் பிள்ளை சின்னதையும் எடுக்கலாம். இரண்டு பேர் ஓட்ட ஜீபி 14, நீலப் பாய் போட்ட என்டர்பிரைஸ் இரண்டும் இலங்கையில் பழக்கமானவை. சிறு பிள்ளைகளுக்கு ஒப்ரிமிஸ்ற். புதிதாக வருபவர் முதல் சில வாரங்கள் ஜீபி 14இல் முன்பாயைப் பிடித்து உட்காருவது நல்லது. லேசரில் ஏறினால் முதல் நாள் முழுவதும் நீச்சல்தான்.

பழைய லேசர் ஒன்று கைக்கு வந்தால் பாயைப் பார்க்கும் முன் பாய்மரக் குழியைப் பாருங்கள். படகைச் சமமாக வைத்து, குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, மட்டத்தை பென்சிலால் அடையாளம் போட்டுவிட்டு அரை மணி நேரம் விட வேண்டும். மட்டம் இறங்கினால் குழியின் அடியில் வெடிப்பு. அந்தத் தண்ணீர் படகின் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது. வெடிப்போடு ஓட்டினால் ஒரு நாள் பலத்த காற்றில் பாய்மரம் மேல்தளத்தையே பிய்த்துக்கொண்டு சாயும். அடியில் மணல் கிடந்தாலும் கழுவி எடுங்கள். பாய்மரம் சுழலும்போது அந்த மணல் உப்புத்தாள்போலத் தேய்த்துத்தான் பல குழிகள் கெடுகின்றன. அடுத்தது மேல் பாய்மரத்தில் பிளாஸ்ரிக் வளையம் பூட்டிய ரிவெற் ஓட்டை. அலுமினியமும் உப்பும் சேர்ந்து அந்த ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடியாக அரிக்கும், முறிந்தால் அங்கேதான் முறியும்.

இறக்கும் முன் பின்பக்க அடைப்பானை விரலால் தொட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்தது போதாது. சுக்கான் மேலே கழராமல் பிடிக்கும் தகடு சொடுக்கென்று உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு கவிழ்ந்ததும் சுக்கான் தனியாகக் கடலுக்குப் போய்விடும். பாய்மரத்தைப் படகோடு கட்டும் சின்னக் கயிற்றையும் மறக்கவேண்டாம். அது இல்லாமல் முழுதாகக் கவிழ்ந்தால் மரம் குழியைவிட்டு நழுவும். டிங்கிக்கு 50 நியூட்டன் மிதவைச் சட்டைதான் சரி. தானாக ஊதும் 150 நியூட்டன் ஜாக்கெட் பெரிய படகுக்கு நல்லது. கவிழ்ந்த டிங்கியின் அடியில் அது ஊதிவிட்டால் வெளியே வருவதே பாடு.

இனிப் பாதை போடுவது. இதைப் பலர் அலட்சியமாகச் செய்கிறார்கள். காற்றெதிரில் ஒரு மிதவை, காற்றின் கீழே ஒரு மிதவை, இடையில் தொடக்கக் கோடு என்றால் போதும். முக்கோணப் பாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிதவைக்கு 20 லீற்றர் பிளாஸ்ரிக் கான், எடைக்குக் கொங்கிறீற் ஊற்றிய பெயின்ற் வாளி. கயிறு ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு. நம்முடைய துறைமுகத்தில் கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே ஆழம் கைமீறும், அதனால் போடும் முன் குண்டு கட்டிய கயிறு விட்டுப் பாகக்கணக்கில் (ஒரு பாகம் ஆறு அடி) அளந்துகொள்ளுங்கள். மிச்சக் கயிறு மேலே மிதந்தால் வருகிற சென்ட்டர்போர்ட்டெல்லாம் (படகின் அடியில் இறக்கும் பலகை) அதில் மாட்டும். மிதவைக்குக் கீழே ஒன்றரைப் பாகத்தில் ஒரு செங்கல்லையோ பழைய சங்கிலித் துண்டையோ கட்டிவிட்டால் கயிறு நேராக இறங்கி நிற்கும்.

இரண்டு மிதவைக்கும் இடையே 500 மீற்றர் வைத்தால், காற்றெதிரே நெளிந்து நெளிந்து போகும் தூரம் ஏறக்குறைய 700 மீற்றர். மூன்றரை நொட் (மணிக்கு மூன்றரைக் கடல்மைல்) வேகத்தில் அது ஆறரை நிமிடம். திரும்பிக் காற்று வாக்கில் நாலு நிமிடம். ஒரு சுற்று பத்தரை நிமிடம், நாலு சுற்று போட்டால் நாற்பத்திரண்டு. அதற்கு மேல் வெயிலில் யாருக்கும் கவனம் நிற்காது. மலைக்கும் மரங்களுக்கும் மிக அருகே காற்றெதிர் மிதவையைப் போடவேண்டாம். காற்றைத் தடுக்கும் எதற்கும் பின்னால், அதன் உயரத்தைப்போல பத்து மடங்கு தூரம் வரை காற்று குழம்பும். ஒஸ்ரன்பேர்க் மலையோரம் மிதவை போட்டால் முன்னே போனவர் அங்கே நின்று தவிக்க, பின்னே வந்தவர் புதுக்காற்றோடு சுற்றிப் போய்விடுவார். திறமைக்கு அதில் வேலையில்லை.

தொடக்கக் கோட்டின் நீளம் எல்லாப் படகுகளின் நீளத்தையும் கூட்டி, அதைப்போல ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்கு. ஆறு லேசருக்கு 35 மீற்றர் வரும். கோடு காற்றுக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். பத்துப் பாகை சரிந்தாலே ஒரு முனை மற்றதைவிட ஆறு மீற்றர் காற்றெதிரே போய்விடும். அது ஒன்றரைப் படகு நீளம், தொடங்கும் முன்பே கையில் கிடைத்த இலாபம். கோடு போட்டவர் இதைத் திருத்தாவிட்டால் ஓட்டுபவர் கண்டுபிடிக்க வேண்டும். கோட்டின் நடுவில் படகை நேரே காற்றுக்கு எதிராக நிறுத்துங்கள். பாய் நடுவில் படபடக்கும்போது அணியம் எந்த முனைப் பக்கம் சாய்ந்து காட்டுகிறதோ அந்த முனைதான் உங்களுக்கு. பெரும்பாலானவர்கள் ரேஸ் நடத்துபவர்கள் நிற்கும் குழுப் படகின் பக்கமே ஒட்டிக்கொண்டு நிற்பார்கள், பழக்கதோசம். மற்ற முனை வெறுமையாகக் கிடக்கும்.

கொடி நேரம் எளிது. தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி (ஓடும் படகு வகைக்கான கொடி) ஏறும். நாலில் நீலத்தில் வெள்ளைச் சதுரம் கொண்ட பீ கொடி. ஒன்றில் அது இறங்கும். பூச்சியத்தில் வகுப்புக் கொடியும் இறங்கினால் போகலாம். ஒவ்வொன்றுக்கும் ஊதுவார்கள், ஆனால் செல்லுபடியாவது கொடிதான், சத்தம் அல்ல. ஹோர்ன் அடைத்துக்கொண்டால் யாரும் முறையிட முடியாது. முந்திக் கோட்டைத் தாண்டினால் வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட எக்ஸ் கொடி ஏறும். திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும்.

கோடு எங்கே இருக்கிறது என்பதைத் தண்ணீரில் நின்று கண்ணால் அளப்பது கடினம். எல்லோரும் தாங்கள் கோட்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஒரு படகு நீளம் பின்னாலேயே நிற்பார்கள். மணி அடிக்கும் முன் கோட்டின் நீட்டத்தில் போய் நின்று, குழுப் படகின் கம்பத்தையும் மிதவையையும் ஒரே நேரில் பாருங்கள். மிதவைக்குப் பின்னால் கரையில் என்ன தெரிகிறது? ஒரு தென்னை, ஒரு தண்ணீர்த் தாங்கி, ஏதோ ஒன்று. அதை மனதில் குறித்துக்கொண்டால் நெரிசலின் நடுவிலும் மிதவையும் தென்னையும் சேரும் கணம் கோடு உங்கள் அணியத்தில் இருக்கும். கடைசி இருபது விநாடியில் வேகம் எடுக்கக் காற்றின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் இடம் வைத்திருக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து லேசர் வேகம் பிடிக்க ஏழெட்டு விநாடி எடுக்கும். பாயைச் சட்டென்று இறுக்கினால் படகு முன்னே போகாது, பக்கவாட்டில் வழுக்கும்.

விதிப்புத்தகம் தடிப்பானது, உலகப் பாய்ப்படகு அமைப்பான வேர்ல்ட் செயிலிங் நாலு ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது. நடப்பது 2025 முதல் 2028 வரையான பதிப்பு. கிளப் ரேசுக்கு நாலைந்து விதி தெரிந்தால் காலம் தள்ளலாம். பாய் இடப்பக்கம் இருந்தால் நீங்கள் ஸ்டார்போர்ட் டாக், வலப்பக்கம் இருந்தால் போர்ட். போர்ட் விலக வேண்டும், அதற்காகத்தான் அந்த “ஸ்டார்போர்ட்!” கத்தல். ஒரே டாக்கில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் காற்றெதிர்ப் பக்கத்துப் படகு விலகும். டாக் செய்துகொண்டிருப்பவர் (அணியத்தைக் காற்றின் குறுக்கே திருப்பிப் பக்கம் மாறுபவர்) மற்ற எல்லோருக்கும் விலகுவார். மிதவைக்கு மூன்று படகு நீளம் இருக்கும்போது உள்பக்கம் ஒட்டி வந்தவருக்கு இடம் கொடுக்க வேண்டும். ஆனால் காற்றெதிர் மிதவையில் எதிரெதிர் டாக்கில் வருபவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. “உள்ளே இடம் கொடு, தம்பி!” என்று போர்ட்டில் வந்துகொண்டு கத்துபவருக்கு இதை யாராவது சொல்லிவைக்க வேண்டும். இடித்தால் இரண்டு சுற்று, மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று. சுற்றிவிட்டுப் போனால் கரையில் தேத்தண்ணி குடிக்கும்போது மனக்கசப்பு இருக்காது.

காற்றெதிர் ஓட்டத்தில் திரும்பத் திரும்பக் காணும் பிழை ஒன்றே ஒன்றுதான், படகு சரிவது. வீச்சு வந்ததும் ஆட்கள் சுக்கான் பிடியை இழுத்து மல்லுக்கட்டுவார்கள். சுக்கான் அப்போது பிரேக்காக வேலை செய்யும். செய்ய வேண்டிய வரிசை: வெளியே சாய், ஷீட்டை ஒரு சாண் விடு, நிமிர்ந்ததும் மறுபடி இழு. பன்னிரண்டு நொட்டுக்கு மேல் அடிக்கடி இப்படி விட்டு இழுக்க வேண்டி வந்தால் கிக்கரை (பூம் என்ற பாயின் அடிக்கம்பை எழும்பாமல் பிடிக்கும் கயிறு) இறுக்கி, கனிங்ஹாமை (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) இழுத்துப் பாயைத் தட்டையாக்குங்கள். கிக்கரை இறுக்காமல் ஷீட்டை விட்டால் பூம் மேலே எழும்பி, பாய் பையாகி இன்னும் அதிகமாகச் சாய்க்கும். காற்று வாக்கில் கவிழ்வதும் பெரும்பாலும் அதே கிக்கரால்தான். அங்கே அதிகம் இளகினால் பாயின் தலை முன்னே முறுகி, படகு காற்றெதிர்ப் பக்கமாகவே உருளும்.

வெவ்வேறு படகுகள் ஒன்றாக ஓடினால் கணக்கு போர்ட்ஸ்மத் எண்ணில் (ஒவ்வொரு படகு வகைக்கும் அதன் வேகத்துக்கேற்பக் கொடுக்கும் எண்). எடுத்த விநாடியை ஆயிரத்தால் பெருக்கிப் படகின் எண்ணால் வகுக்க வேண்டும். எண்கள் அவ்வப்போது மாறும், உதாரணத்துக்கு லேசருக்கு 1100, ஜீபி 14க்கு 1130 என்று வைப்போம். லேசர் 48 நிமிடம் எடுத்தது: 2880 விநாடி, திருத்தினால் 2618. ஜீபி 49 நிமிடம்: 2940, திருத்தினால் 2602. ஒரு நிமிடம் பிந்தி வந்த ஜீபி பதினாறு விநாடியால் வென்றது. கரையில் நின்று பார்ப்பவருக்கு இது அநியாயமாகத் தெரியும், ஓட்டியவர்களுக்கோ ஒவ்வொரு டாக்கிலும் விட்ட இரண்டு விநாடி நினைவுக்கு வரும்.

சரி, பயணம். உள்துறைமுகத்திலிருந்து வெளியே வந்து, கோணேசர் மலையைச் சுற்றி, வடக்கே நிலாவெளி வரை பத்துப் பதினொரு கடல்மைல். நாலு நொட் ஓடும் 22 அடிக் கபின் படகுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கச்சான் காலத்தில் இந்த வழியின் அருமை இதுதான்: காலையில் மேற்குக் காற்று, நீங்கள் வடக்கே போகிறீர்கள். பக்கக் காற்று, கரையோரம் என்பதால் தட்டைத் தண்ணீர். பிற்பகல் கொண்டல் வந்ததும் தெற்கே திரும்புகிறீர்கள். மறுபடியும் பக்கக் காற்று. போகவும் வரவும் படகின் மிக வேகமான, மிக வசதியான திசை. இப்படி ஒரு கரை வாய்ப்பது எல்லா ஊருக்கும் கிடைக்காத கொடை. மலையடியில் மட்டும் அரைமைல் தள்ளியே போங்கள். பாறையில் மோதித் திரும்பும் அலை குறுக்கும் மறுக்குமாகப் படகை உலுக்கும், மலை மறைவில் காற்றும் செத்துச் செத்து எழும். மேலே மணியோசை கேட்கிறதென்று பாறைக்கு அருகே போய்ப் படம் எடுக்கும் ஆசை வேண்டாம்.

புறாமலைத் தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. பவளத்தின் மேல் நங்கூரம் போடுவது குற்றம், பவளத்துக்கும் நங்கூரத்துக்கும் கேடு. நிலாவெளிக் கரைக்கு முன்னால் மணற்பரப்பில் நங்கூரமிட்டு, அனுமதிச்சீட்டு வாங்கி, உள்ளூர் வள்ளத்தில் தீவுக்குப் போய் வாருங்கள். ஆறு மீற்றர் ஆழம், அணியம் தண்ணீருக்கு மேல் ஒரு மீற்றர் என்றால் மொத்தம் ஏழு. கயிறு என்றால் அதைப்போல ஏழு மடங்கு, அதாவது 49 மீற்றர். முழுச் சங்கிலி என்றால் ஐந்து மடங்கு போதும். நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரை எட்டாது, அதற்காகத் தனிக்கணக்கு வேண்டாம். ஆனால் காற்று மேற்கிலிருந்து கிழக்குக்கு மாறும்போது படகு அரைவட்டம் அடித்துக் கரைப்பக்கம் வரும். காலையில் கரைக்கு மிக நெருக்கமாகப் போட்டவர் மதியம் மணலில் உட்கார்ந்திருப்பார்.

தெற்கே மூதூர் இன்னும் கிட்ட, ஆறு கடல்மைல். கொட்டியாரக்குடாவில் மகாவலி வந்து விழுகிறது. மழைக்குப் பிறகு தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடும், மரக்கட்டைகள் பாதி அமிழ்ந்து வரும், ஆற்று வாயின் மணல்திட்டு ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். தென்கரைக்குப் போகுமுன் மூதூர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் புது மரம் பொருத்த வந்து ஒதுங்கியதும் இந்தக் குடாவில்தான். அதில் வந்த ரொபேட் நொக்ஸ் 1660இல் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டு இருந்தார். உதிரிக் கயிறும் உலோகப் பின்களும் கையோடு வைத்திருப்பது நல்லதுதான்.

பதினைந்து நொட் வந்தால் பெரிய பாயைச் சுருக்குங்கள். வரிசை முக்கியம்: ஷீட்டை விடு, கிக்கரை விடு, பாயேற்றிக் கயிற்றை அடையாளம் வரை இறக்கு, முன்மூலையைக் கொக்கியில் மாட்டு, பாயை மறுபடி இறுக்கமாக ஏற்று, பின்மூலைக் கயிற்றை இழு. கடைசியில்தான் கிக்கரும் ஷீட்டும். கிக்கரை விட மறந்தால் பூம் எழும்பாது, பின்மூலை பூமோடு ஒட்டாது, காற்றின் பாரம் முழுவதும் நடுவிலுள்ள சின்னக் கண்களில் விழுந்து பாய் கிழியும்.

துறைமுகத்துக்குள் போக, வர அனுமதியும் அறிவிப்பும் வேண்டும். கடற்படை எல்லைக்குள் மூக்கை நுழைக்கவேண்டாம். வாய்க்காலில் சீனக்குடாவுக்கு வரும் கப்பலைக் கண்டால் பாய்ப்படகுக்கு முன்னுரிமை என்ற நினைப்பை விடுங்கள். ஒடுங்கிய வழியில் பெரிய கப்பலுக்குத் தடையாக நிற்கக்கூடாது என்பது 1972 மோதல் தடுப்பு விதி. வீஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசையைத் திறந்தே வையுங்கள். ரிஜிபோம் துண்டு வரிசையாக மிதந்தால் அது வலை. மாட்டிக்கொண்டால் சென்ட்டர்போர்ட்டையும் சுக்கானையும் தூக்கி மெல்லப் பின்வாங்குங்கள். வெட்டினால் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பாத்தியம் போகும்.

திரும்பும்போது மலையைச் சுற்றியதும் வழி தென்மேற்காக வளையும். கொண்டல் நின்று கச்சான் மீண்டிருந்தால் கடைசி இரண்டு மைல் எதிர்க்காற்று. அதற்கென்று மோட்டாருக்கு ஐந்து லீற்றர் ஒதுக்கி வையுங்கள். நிலாவெளியிலிருந்து மூன்று மணிக்குப் புறப்பட்டால் வெளிச்சத்தோடு உள்ளே வரலாம். ஆறேகாலுக்குப் பிறகு இருள் சடாரென்று விழும், அந்த நேரத்தில்தான் மீன்பிடி வள்ளங்கள் வேகமாக வெளியே போகும், பலவற்றில் விளக்கு இருக்காது. ஏழு மீற்றருக்குக் குறைந்த பாய்ப்படகுக்கு முழு விளக்குத் தொகுதி இல்லாவிட்டாலும் கையில் ஒரு வெள்ளை டோர்ச் கட்டாயம். எதிரே இயந்திரச் சத்தம் கேட்டதும் டோர்ச்சை அவர்கள் கண்ணில் அடிக்கவேண்டாம். உங்கள் பாயில் அடியுங்கள். அரைமைல் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கடலின் நடுவே ஒரு வெள்ளை முக்கோணம் எழுந்து நிற்பது தெரியும்.